அவர் சாப்பிடும் அளவுக்கு நாத்திகம்

ஜூலை 2, புதன்

ஏழேகால் பஸ்ஸில் இடமில்லை. சந்திரகிரி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பார்த்து ஹைதராபாத்திலிருந்து ஸுப்ரஜா கூப்பிட்டாள். அறைத் தோழிகளோடு ஏதோ வாக்குவாதமாம். பெற்ற தாயைச் சாட்சிக்கு இழுக்கிறாள்.

“அம்மா, நெஜமா சொல்லு. பெருமாள் இருக்கார்னு நீ நம்பறியா?”

கண்டக்டர் “லோபலிகி ஜரகண்டம்மா” என்று எல்லோரையும் உள்ளே நெட்டிக்கொண்டிருந்தார். நகர்ந்துகொண்டே “இல்லை” என்றேன். நாற்பத்தொன்பது வயதில் வாய் திறந்து சொன்னது இதுவே முதல் தடவை. சொன்ன இடம், ஒரு கீரைக் கூடைக்கும் ஒரு ஸ்டெப்னி டயருக்கும் நடுவில்.

“அப்போ நீ என்ன?” என்றாள்.

“ஜுவாலஜி லெக்சரர்” என்றேன். ஃபோனை வைத்துவிட்டாள்.

ஜூலை 3, வியாழன்

வாட்ஸப்பில் பட்டியல் வந்திருக்கிறது. ஏதீஸ்ட், அக்னாஸ்டிக், அக்னாஸ்டிக் ஏதீஸ்ட், ஹ்யூமனிஸ்ட், ஃப்ரீதிங்கர், ஸ்கெப்டிக், கல்ச்சுரல் ஹிந்து. மொத்தம் ஏழு. கீழே, “ஒண்ணு செலக்ட் பண்ணு, குழப்பிக்காதே” என்று அறிவுரை. புடவைக் கடையிலேயே ஏழு புடவையைப் பிரித்துப் போட்டால் எட்டாவதைக் கேட்கிறவள் நான். இவளுக்குத் தெரியாதா?

சித்தூரில் எங்கள் காலேஜ் லேபில் நூற்றுப் பதினான்கு ஃபார்மலின் புட்டிகள். இருபத்தாறு வருஷமாக அவற்றுக்குப் பெயர் எழுதி ஒட்டுகிறேன். நாடாப்புழு, கடல்குதிரை, இரண்டு தலைப் பாம்புக் குட்டி. ஒன்றும் மறுத்துப் பேசியதில்லை. எனக்கு ஒரு பெயர் ஒட்ட வேண்டும் என்றால் மட்டும் கோந்து காய்ந்துபோகிறது.

இதையெல்லாம் பழைய ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறேன். அட்டையில் ‘மண்புழு – செரிமான மண்டலம்’ என்று இருக்கிறது. இவர் தொட மாட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

ஏகாதசி. வழக்கம்போல முழுப் பட்டினி. தண்ணீரும் துளசியும்.

இவரும் பட்டினிதான். ஆனால் இவர் பெயரே தோதாத்ரி. கோயில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சேவிக்கிறவர். இவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு என்ன? சாயங்காலம் அசிடிட்டியில் சுருண்டு படுத்தபோது, “சர்க்கரைக்காரன் நானே தெம்பா இருக்கேன். ஆனா உன் நிஷ்டை யாருக்கும் வராது கமலா” என்றார். நிஷ்டையாம். கமலவல்லி என்ற நாத்திகை ஏகாதசி விரதத்தில் மாவட்டத்திலேயே முதலிடம்.

நம்பிக்கை எப்போது போனது என்று படுத்தபடி யோசித்தேன். பெரிய துக்கம் ஏதாவது வந்து போயிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. ஸுப்ரஜா ஏழாம் வகுப்பு படித்த வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ்ஸில் சஹஸ்ரநாமம் சொல்லிக்கொண்டு போனேன். பாகாலா தாண்டியதும், இதை யாரிடம் சொல்லுகிறோம் என்று தோன்றியது. பதில் வரவில்லை. பூதலப்பட்டில் உட்கார இடம் கிடைத்தது. தூங்கிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

‘நாத்திகை’யை இன்று ஒருநாள் உடுத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. எங்கள் வீட்டில் அது வசவு. நெற்றிக்கு இடாமல் ஸ்கூலுக்கு ஓடும் பையன் நாஸ்திகன். வாசலில் வண்டியை நிறுத்துகிறவன் நாஸ்திகன். காப்பியில் டிகாக்‌ஷன் குறைந்தால் மாமனார் என் மாமியாரையே அப்படித்தான் சொல்வார். இத்தனை பேர் உடுத்திக் கிழிந்த சொல்லை நான் எடுத்து எங்கே கட்டிக்கொள்வது?

லேபில் அம்சவேணியிடம் சொன்னேன். லேப் அட்டெண்டர், குடிபாலாவிலிருந்து வருகிறாள். என் ரகசியம் தெரிந்த இரண்டாவது ஆள்.

“சாமி இல்லன்னு சொல்றீங்க, ஏகாதசிக்கு துன்னாம கெடக்குறீங்க” என்றாள் பீக்கரைக் கழுவிக்கொண்டே. “எங்க ஊர்ல சாமி இல்லன்னு சொல்றவங்க நல்லா துன்னுட்டு மீட்டிங் போட்டுக்கினு கெடப்பாங்க மேடம். நீங்க ரெண்டுத்துலயும் சேர்த்தி இல்ல.”

ஜூலை 14, திங்கள்

அக்னாஸ்டிக். தமிழில் ‘அறியொணாவாதி’ என்று போட்டிருக்கிறது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். ஏதோ அரிய வகைத் தவளை மாதிரி ஒலிக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

ஹ்யூமனிஸ்ட்? இன்று ஃபர்ஸ்ட் இயர் பசங்களின் பேப்பரைத் திருத்தினேன். மனித குலத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கையும் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஒரு சோதனை செய்தேன். விஞ்ஞானி அல்லவா.

எங்கள் வீட்டில் தளிகை பண்ணுகிறவள் ருசி பார்க்கக் கூடாது. முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. முதலில் பெருமாளுக்குக் கை காட்ட வேண்டும், அதாவது கோயிலாழ்வார் என்று நாங்கள் சொல்லும் பூஜை அலமாரி முன் வைத்து அவர் அமுது செய்ததாக எண்ண வேண்டும். அதற்கப்புறம்தான் மனுஷர் வாயில். உப்பு கூடினாலும் குறைந்தாலும் அவர்தான் முதலில் அனுபவிப்பார். இருபத்தைந்து வருஷமாக நான் உப்புப் போடுவது வெறும் கை அளவில்.

இன்று இவர் கோயிலுக்குப் போயிருந்தார். வீட்டில் யாரும் இல்லை. என் கணக்குப்படி அலமாரியிலும் யாரும் இல்லை. குழம்பில் ஒரு கரண்டி எடுத்து வாய்வரை கொண்டுபோனேன். கை நின்றது. திரும்பி அலமாரியைப் பார்த்தேன். “தப்பா நெனச்சுக்காதேள்” என்றேன். கரண்டியைத் தொட்டியில் கொட்டிக் கழுவி வைத்தேன்.

இல்லாதவரிடம் மன்னிப்புக் கேட்கிறவளுக்கு ஏழு பெயரில் எது பொருந்தும்? ஸுப்ரஜாவைக் கேட்டேன். சிரிக்கிற பொம்மையை அனுப்பினாள்.

ஜூலை 26, சனி

சிரிப்பாக இல்லை இன்றைக்கு.

இவர் விடியற்காலை கோயிலுக்குப் போனால் பதினொன்றுக்குத்தான் திரும்புவார். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். நான் பஸ் பிடிக்குமுன் தளிகை பண்ணி, ஆறுவதற்குள் கை காட்டி, மூடி வைத்துவிட்டுப் போவேன். மாமியார் போனதிலிருந்து அந்த வேலை என்னுடையது. இவர் வந்து சாப்பிடுவார்.

இன்று எனக்கு லீவு. தெலுங்குக்காரர் யாரோ கல்யாணத்துக்கு அழைத்தார்களாம். எல்லோரும் பந்தியில் உட்கார, இவர் மட்டும் பசியோடு வீட்டுக்கு வந்தார். சர்க்கரை இறங்கி உள்ளங்கை சில்லிட்டிருந்தது. “அங்க ஒரு வாய் சாப்பிட்டா என்ன?” என்று கத்தினேன்.

“நீ கை காட்டின சாதம் ஆத்துல இருக்கறச்சே அங்க எதுக்கு?” என்றார். “சமர்ப்பிக்காத சாதம் வெறும் வயத்த ரொப்பறது. உன் கைல அந்தக் கவலை இல்லை.”

சோற்றைப் பிசைந்து வாயில் வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். எதிரே நான் மோர்ப் பாத்திரத்தோடு நின்றேன்.

பன்னிரண்டு வருஷமாக நான் கை காட்டியது ஒரு படத்துக்கு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் கையைக்கூட முழுசாகக் காட்டியதில்லை. இவர் கண்ணை மூடி விழுங்குவது என் பொய்யை. எனக்கு என்ன பெயர் என்று விளையாடிக்கொண்டிருந்தேனே. இந்தச் சாதத்துக்கு என்ன பெயர்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று முடிவு. இப்போதுதான் பட்டியல் உண்மையில் வேண்டியிருக்கிறது. எனக்குப் பொருந்தும் சொல் வேண்டாம். இவர் கேட்ட பிறகும் என் கையால் சாப்பிடக்கூடிய சொல் வேண்டும். ‘ஸ்கெப்டிக்’ என்றால் இரண்டு கவளம் இறங்குமா? ‘கல்ச்சுரல் ஹிந்து’வுக்கு அரை வயிறு?

பாதம் இல்லாத வடகலை நாமக் குடும்பத்தில் பிறந்து, பாதம் வைத்த தென்கலை நாமக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். அந்த ஒரு கோட்டுக்காக இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எட்டு மாதம் பேசவில்லை. இப்போது நெற்றியையே காலி என்று சொல்லப்போகிறேன், அதையும் மென்மையாக.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாப்பாடு முடிந்து இவர் கை கழுவி வந்த பிறகு சொன்னேன். சாமர்த்தியமாக நேரம் பார்த்தேனாம். “எனக்குச் சில தத்துவ ரீதியான ஐயங்கள் உண்டு” என்று ஆரம்பிப்பதாக ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“ஏன்னா, நான் தெனமும் கை காட்டறேனே, அங்க யாரும் இருக்கறதா எனக்குத் தோணலை. ரொம்ப நாளா.”

இவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் போன பிறகும் துடைத்தார்.

“எத்தனை நாளா?”

“ஸுப்ரஜா ஏழாங்கிளாஸ்லேந்து.”

கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணினார், பாசுரம் எண்ணுவதுபோல. “பன்னண்டு வருஷம்” என்றார். அப்புறம், “சாப்பிடறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்.”

அவ்வளவுதான். வேஷ்டியைக் கொடியில் போடப் போய்விட்டார். ஏழு சொற்களில் ஒன்றுகூட அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

சாயங்காலம் வந்து பார்த்தேன். சாதம் வைத்தது வைத்தபடி. இரண்டு வாழைப்பழத் தோல், கவிழ்த்து வைத்த பால் டம்ளர்.

ஆகஸ்ட் 13, புதன்

மூன்றாம் நாள். பழம், பால். சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்கிறார். பயமாக இருக்கிறது.

“என் மேல கோபம்னா திட்டுங்கோ” என்றேன்.

“கோபமெல்லாம் இல்லை. சாப்பிட முடியலை, அவ்வளவுதான்.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையிலேயே கோபம் இல்லை. இருந்தால் தேவலை.

ஏன் சொன்னேன்? யார் கேட்டா? பன்னண்டு வருஷம் வாய மூடிண்டு இருந்தவளுக்கு இன்னும் இருபது வருஷம் இருக்க முடியாதா? உண்மை பேசிட்டேன்னு எனக்கு என்ன பட்டமா குடுக்கப் போறா?

ஆகஸ்ட் 14, வியாழன்

அம்சவேணி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். “சொல்லிட்டீங்களா? இன்னா மேடம் நீங்க. எங்க ஊட்டுக்காரரு பொங்க வெக்கச் சொல்வாரு, நான் வெப்பேன். சாமி எந்நாளும் யாரு ஆக்குனதுன்னு கேட்டுக்கினு வந்ததில்ல.”

“எங்க வீட்டுல கேப்பார்” என்றேன்.

“சாமியா?”

“இல்ல. சார்.”

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றிவிட்டு மதியம் வீடு வந்தால் சமையலறையில் புகை. இவர் மடி உடுத்திக்கொண்டு தளிகை பண்ணுகிறார். “இனிமே நான் பண்றேன். நீ காலம்பற அலையாதே” என்றார், தாளித்த கடுகு முகத்தில் தெறிக்க.

அக்கம்பக்கத்தில் எத்தனை பெண்கள் இந்த வாக்கியத்துக்காக ஏங்குகிறார்கள். நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

சாத்தமுது, அதாவது ரசம், உப்பே இல்லை. ருசி பார்க்கக் கூடாது. எனக்குக் கை அளவு இருந்தது, இவருக்கு அதுவும் இல்லை. தானே பரிமாறிக்கொண்டார். என்னைக் கரண்டியைத் தொட விடவில்லை. இரண்டு கவளத்தில் எழுந்துவிட்டார். கை காட்டியதில் குறை இருக்காது. நம்பிக்கை நிரம்ப, உப்பு மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று உப்பு அள்ளிப் போட்டுவிட்டார். நேற்று போடவே இல்லை. இலைக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் தண்ணீர் குடித்தோம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஏகாதசி. தளிகை இல்லை. வீட்டில் நிம்மதி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஊஞ்சலில் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்: “உனக்கு இருக்கே, அதுக்கு ஏதாவது பேர் உண்டா?”

வியாதிக்குப் பெயர் கேட்கிற மாதிரி. ஏழையும் சொன்னேன். இவரா விடுவார், ஒவ்வொன்றாக வியாக்கியானம் பண்ணி ஆராய்ந்தார்.

“நாஸ்திகைன்னா வேதத்தை இகழறவா. நீ இகழ்ந்து நான் பார்த்ததில்லை. தள்ளு.”

“அக்னாஸ்டிக்னா?”

“தெரியாதுங்கறவா.”

“நீ பேசறதப் பாத்தா தெரியாத மாதிரி இல்லையே. தள்ளு. ஃப்ரீதிங்கர்னா?”

“எதுக்கும் கட்டுப்படாம யோசிக்கறவா.”

முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “கரண்டியைக் கழுவிட்டு அலமாரிகிட்ட மன்னிப்புக் கேக்கறவளா?”

ஒருநாள் பேச்சுவாக்கில் ஸுப்ரஜா உளறியிருக்கிறாள். எனக்கு மானம் போயிற்று. ஹ்யூமனிஸ்டை அவர் எடுக்கவே இல்லை. கல்ச்சுரல் ஹிந்து என்றதும், “அது என்ன, தேங்காய் இல்லாத தேங்காய்ச் சாதமா” என்றார். கடைசியில், “ஒண்ணும் சரியா உக்காரலை. பேர் அப்பறம் வெச்சுக்கலாம்” என்று பஞ்சாங்கத்தை மூடினார். எனக்குத் தோன்றியதையே சொல்கிறார். என்னைவிட இவருக்கு என் அவநம்பிக்கை நன்றாகப் புரிந்திருக்கிறது.

ஆனால் சாப்பிடவில்லை. இன்றும் மூன்று கவளம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இரண்டாவது பீரியடில் ஃபோன். கோஷ்டியில் இவர் பக்கத்தில் நிற்கும் விஷ்ணுவர்தன். “மாமி, பயப்படாதீங்கோ. மாமாக்கு சேவிக்கறச்சே தல சுத்திடுத்து. உக்கார வெச்சுக் கல்கண்டு பிரசாதம் குடுத்தோம். இப்போ பரவாலேது.” கொஞ்சம் தயங்கி, “ஆத்துல சரியாச் சாப்பிடறாரோன்னோ?” என்றான்.

பிரின்சிபாலிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒன்றரை மணி நேர பஸ்ஸில், இவர் விழுந்துவிட்டார், விழுந்துவிட்டார் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில், “காப்பாத்து” என்று சொல்லிக்கொண்டேன். யாரிடம் என்று நிறுத்திக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதே பதில்தான். ஆனாலும் சொன்னேன். எழுதி வைக்கிறேன், நேர்மைக்காக.

இவர் ஊஞ்சலில் சாய்ந்திருந்தார். எலும்பு தெரிகிற தோள். பக்கத்தில் உட்கார்ந்து, “நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்” என்றேன். “நான் நம்பறேன்னே வெச்சுக்கோங்கோ. என் கையால சாப்பிடுங்கோ.”

“பன்னண்டு வருஷம் அப்படித்தானே வெச்சுண்டிருந்தேன்” என்றார்.

குத்திக் காட்டவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். அவராகவே, “நீ பொய் சொல்லிச் சாப்பிட வெச்சா அது எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம். ஏதாவது வழி இருக்கும், இரு” என்றார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பதினொன்றரைக்குச் சமையலறையிலிருந்து குரல். “கமலா, இங்க வா.”

இரண்டு வாரமாக, அவர் அடுப்படியில் இருக்கும்போது நான் உள்ளே போவதில்லை. போனேன். மேடையில் சாத்தமுதுப் பாத்திரம் ஆவி பறக்க இருந்தது. அதற்கு எட்ட, தனியாக ஒரு சின்னக் கிண்ணம். அதிலும் சாத்தமுது.

“இது உனக்கு. மொதல்லயே எடுத்து வெச்சுட்டேன். இது பெருமாளுக்குப் போறதில்லை.”

தனிக் கிண்ணம். ஆக, இங்கே வந்து நிற்கிறது. இனி ஒரே வீட்டில் இரண்டு சமையல். தலையை ஆட்டிவிட்டு, எடுத்துக்கொண்டு வெளியே வரத் திரும்பினேன்.

“எங்க போறே? இங்கயே குடி. உப்பு போறுமான்னு சொல்லு. அப்பறம் இதுல போடறேன்.”

கிண்ணத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். இந்த வீட்டில், இவர் அப்பா காலத்திலும், அவர் அப்பா காலத்திலும், பெருமாளுக்கு முன்னால் ஒரு நாக்கும் பட்டதில்லை.

“இது சரியான்னு யார்கிட்டயாவது கேட்டேளா?”

“கேக்கலை” என்றார். “கேட்டா வேண்டாம்பா.”

குடித்தேன். சூட்டில் நாக்கு பொத்துப்போனது. “ரெண்டு சிட்டிகை வேணும். புளி சித்தத் தூக்கல்.”

“புளிய இனிமே ஒண்ணும் பண்ண முடியாது” என்று இரண்டு சிட்டிகை எண்ணிப் போட்டார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கோயிலாழ்வார் முன்னால் போனார். திரை போட்டார், மணி அடித்தார். நான் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றேன். அங்கே போய் நிற்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நிற்க ஆசையும் இல்லை. அவர் சீக்கிரம் சாப்பிட வேண்டும், அது ஒன்றுதான் மனசில் இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தார். முதல் சாதம் முழுசாக முடிந்தது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, கேட்டுவிட்டேன்: “உப்பு சரியா இருந்துதாமா அவருக்கு?”

பிசைந்த கை நின்றது. கெட்டது காரியம் என்று நினைத்தேன்.

“ஒண்ணும் சொல்லலை” என்றார், இலையைப் பார்த்தபடி. “நீ பாத்துட்டேன்னு தெரிஞ்சுண்டு, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டார்.”

பிறகு சாதத்தின் நடுவில் குழி பண்ணி, “விடு” என்றார். கரண்டியை எடுத்து ஊற்றினேன்.